காய்ந்தபோது ஒருமுறை, நனைந்தபோது ஒருமுறை: மரத்துப் பாசியை இனம் காணுதல்

தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டம். நிழலுக்காக விட்டிருந்த பலாமரத்தில் மூக்கு உரசும்படி நின்றுகொண்டிருந்தேன். களை எடுத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"என்ன சார், மரத்த மோந்து பாக்குறீங்க?"

"பாசி பாக்குறேம்மா."

"பாசியில பாக்க என்ன இருக்கு? எல்லாம் பச்சைதான."

லென்ஸை அவர் கையில் கொடுத்தேன். எல்லோரும் முதலில் செய்வதைப் போல மரத்தின் மேல் வைத்துப் பார்த்தார், மங்கலாகத்தான் தெரிந்தது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு முகத்தை மரத்துக்கு அருகே கொண்டுபோகச் சொன்னேன். ஒரு நிமிடம் சத்தமில்லை. அப்புறம், "இது ரெண்டு ரகம் சார். ஒண்ணுல எலை காம்பச் சுத்தி எல்லாப் பக்கமும் இருக்கு. இன்னொண்ணு படுத்த மாதிரி, ரெண்டு பக்கம் மட்டும் எலை" என்றார்.

முதலாவது மாஸ். இரண்டாவது லிவர்வொர்ட். அந்த வேறுபாடு எனக்குப் பிடிபட இரண்டு வருடம் ஆனது. களை பறித்துப் பழகிய கண்ணுக்கு ஒரு நிமிடம் போதுமானதாக இருந்தது. ஆகவே இந்த அத்தியாயத்தைப் படிக்கத் தாவரவியல் பட்டம் வேண்டுமோ என்று யாரும் தயங்க வேண்டாம். கீரைக்கட்டில் முளைக்கீரையையும் அரைக்கீரையையும் பிரித்தறிகிற கண் இருந்தால் போதும்.

பாசி என்கிற பெரிய கூடை

தமிழில் பாசி என்பது பெரிய கூடை. குளத்தில் மிதப்பது, கடலில் விளைவது, கிணற்றுப் படியில் வழுக்கிவிடுவது, பிரியாணிக்குப் போடும் கல்பாசி, மரத்தில் பச்சைப் பட்டுத்துணி போலப் படர்வது என எல்லாவற்றையும் அதற்குள் போட்டுவிட்டோம். இவற்றில் கடைசியாகச் சொன்னதுதான் இங்கே நம் பேச்சு. பாடநூல்கள் அதை மாஸ் என்கின்றன. குழப்பம் வரும் இடங்களில் நானும் அப்படியே எழுதுகிறேன்.

மரத்தில் பச்சையாகத் தெரிவதில் பாதி மாஸே கிடையாது. எனவே கழித்தல் கணக்கில் தொடங்குவதே நல்லது. விரலால் தேய்த்தால் பச்சைத் தூளாகவோ வழவழப்பாகவோ ஒட்டுகிறதா? அது நுண்பாசி, அதாவது ஆல்கா. ஆரஞ்சு நிறத்தில் வெல்வெட் போலப் படர்ந்திருப்பதும் ஆல்காதான். டிரென்டிபோலியா என்று பெயர். ஆரஞ்சாக இருந்தாலும் அது பச்சைப்பாசிகளின் குடும்பம். உள்ளே சேரும் கரோட்டின் பச்சையை மறைத்துவிடுகிறது.

சாம்பல், வெளிர்பச்சை, மஞ்சள் நிறங்களில் சுண்ணாம்பு அடித்தது போலவோ, காய்ந்த அப்பளத் துண்டு ஒட்டியது போலவோ, தாடி போலவோ இருந்தால் அது லைக்கன். பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். நம் அஞ்சறைப் பெட்டிக் கல்பாசியும் லைக்கன்தான். தாடி லைக்கனையும் தொங்கும் மாஸையும் தூரத்திலிருந்து பார்த்துக் குழம்பாதவர் கிடையாது. ஒரு இழையை எடுத்து இரண்டு முனையையும் பிடித்து மெல்ல இழுங்கள். மேல்தோல் வெடித்து, நடுவே வெள்ளையாக ரப்பர் நூல் போன்ற ஒன்று நீண்டால் அது அஸ்னியா என்னும் தாடி லைக்கன். மாஸில் அந்த வெள்ளை நூல் வராது, இலைதான் உதிரும்.

அடுத்து லிவர்வொர்ட். சோலைகளில் செம்பழுப்பு நிறத்தில் மரப்பட்டையோடு ஒட்டி, வரைபடத்தில் ஆறு பிரிவது போலப் படரும் ஃப்ருல்லானியாவைப் பல நாள் மாஸ் என்றே குறித்து வைத்திருந்தேன். அதைப் புரட்டிப் போட்டு லென்ஸில் பாருங்கள். ஒவ்வொரு இலைக்கும் அடியில் கவிழ்த்த குல்லாய் மாதிரி ஒரு குட்டிப் பை இருக்கும்; தண்ணீரைச் சேர்த்துவைக்கிற பை அது. மாஸ் இலையில் இப்படிப் பை இருக்காது. லிவர்வொர்ட் இலைக்கு நடுநரம்பும் இல்லை. இன்னொன்று: லிவர்வொர்ட்டின் ஸ்போர் என்னும் வித்துத்தூளைத் தாங்கும் காம்பு கண்ணாடி போல வெளுத்து, ஓரிரு நாளில் துவண்டுவிடும், நுனியில் உள்ள கருப்பு உருண்டை நான்காகப் பிளந்து விரியும். மாஸின் காம்பு விறைப்பானது, மாதக் கணக்கில் நிற்கும்.

சோலைக்குள் ஏமாற்றுவதற்கு இன்னொரு ஆள் உண்டு: சவ்வுப் பெரணி. இலை அவ்வளவு மெல்லியது, ஒளி ஊடுருவும். ஆனால் இலைக்குள் கிளை கிளையாக நரம்பு ஓடும். மாஸ் இலையில் இருந்தால் ஒற்றை நடுநரம்பு, அல்லது அடியில் குட்டையாக இரண்டு. கிளைத்த நரம்பைக் கண்டால் அது மாஸ் இல்லை என்று முடிவு செய்துவிடலாம்.

ஒரு புட்டித் தண்ணீர்

வேண்டிய சாமான்கள் கொஞ்சம்தான். 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், அல்லது கடிகாரம் பழுதுபார்ப்பவர் கண்ணில் செருகிக்கொள்ளும் லென்ஸ். மில்லிமீட்டர் கோடுள்ள சின்ன ஸ்கேல். நுனி கூரான இடுக்கி. பென்சில். இவற்றை விட முக்கியம், தண்ணீர் தெளிக்கும் சின்னப் புட்டி.

மழைக்காலத்தில் மட்டும் பாசி பார்க்கப் போகிறவர்கள் பாதி விஷயத்தை இழக்கிறார்கள் என்பது என் எண்ணம். நனைந்த மாஸ் எல்லாமே அழகு. எல்லாமே ஒரே மாதிரி. ஆளுக்கு ஆள் வித்தியாசம் காய்ந்தபோதுதான் வெளியே வரும். காரணம் இருக்கிறது. மாஸுக்கு உண்மையான வேர் இல்லை. பட்டையைப் பிடித்துக்கொள்ள ரைசாய்டு என்னும் நூலிழைகள் மட்டுமே உண்டு. தண்ணீரைக் கொண்டுபோகும் மரக்குழாயும் இல்லை. பெரும்பாலான வகைகளில் இலை ஒரே ஒரு செல் தடிமன். மழையையும் மூடுபனியையும் உடம்பு முழுவதாலும் குடிக்கிறது, வெயிலில் உடம்பு முழுவதாலும் இழக்கிறது. தண்ணீர் போய்விட்டால் சாவதில்லை. உயிர்வேலைகளை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறது. அப்படிக் காத்திருக்கும்போது ஒன்று இலையை முறுக்கிக்கொள்ளும், இன்னொன்று காம்போடு அப்பிக்கொள்ளும், மற்றொன்று ஓரங்களை உள்ளே சுருட்டும். இந்தப் பழக்கம் வகைக்கு வகை நிலையானது. அதனால்தான் இனம் காண உதவுகிறது.

செய்முறை இதுதான். காய்ந்த திட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முதலில் அப்படியே லென்ஸில் பார்த்து, ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். படம் எடுங்கள். பிறகு இரண்டு முறை தண்ணீர் தெளித்துவிட்டு, லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமல் எண்ணுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று... சில வகை பத்து எண்ணுவதற்குள் விரிந்துவிடும். சில வகைக்குச் சில நிமிடம் ஆகும். ஒன்றிரண்டு அசையவே அசையாது. மூன்றுமே தகவல்.

நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் மேக்ரோமிட்ரியத்தில்தான் ஆரம்பிப்பேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் மரக்கிளைகளிலும் மரத்தண்டிலும் எளிதில் கிடைக்கும் இனம் இது. தாய்த்தண்டு பட்டையோடு ஒட்டி ஊர்ந்து போகும். அதிலிருந்து ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குட்டையான கிளைகள் நெருக்கமாக நிமிர்ந்து நிற்கும். மேலே பச்சை, அடியில் துருவின் நிறம். காய்ந்திருக்கும்போது ஒவ்வொரு கிளையும் முறுக்கிய தேங்காய்நார்க் கயிறு போலிருக்கும். இலைகள் அத்தனையும் ஒரே திசையில் சுற்றிக்கொண்டிருப்பதால் வரும் தோற்றம். தண்ணீர் பட்டதும் அடியிலிருந்து நுனிவரை முறுக்கு அவிழும். கயிறு இருந்த இடத்தில் பச்சை நட்சத்திரங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கிளை நுனியில் காம்பும் அதன் மேல் ஸ்போர் நிறைந்த குப்பியும் இருந்தால், குப்பியின் தொப்பியையும் பாருங்கள். மடிப்பு மடிப்பாக, பல வகைகளில் மயிரும் சேர்ந்து, பாவாடை கட்டிவிட்டது போல இருக்கும். முறுக்குக் கயிறும் பாவாடைத் தொப்பியும் ஒன்றாகக் கிடைத்தால் இனப்பெயரைத் தைரியமாக எழுதலாம். எந்த மேக்ரோமிட்ரியம் என்பது நுண்ணோக்கிக்குப் போக வேண்டிய கேள்வி. அங்கே முட்டி மோத வேண்டாம்.

குப்பியும் இலையும்

காம்பும் குப்பியும் தனிச் செடி என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. கீழே இருக்கும் இலைச்செடி தாய். மழைநீரில் நீந்திவந்த ஆணணு தாயின் கருமுட்டையோடு சேர்ந்ததால் பிறந்த பிள்ளைதான் அந்தக் காம்பும் குப்பியும். கடைசிவரை தாயின் தலையில் நின்றபடியே உணவு வாங்கித் தின்று, ஸ்போரை உதிர்த்துவிட்டு முடிந்துபோகும். குப்பியின் மேலே தொப்பி, அதற்குக் கீழே ஒரு மூடி, மூடி விழுந்தால் வாயைச் சுற்றிப் பற்கள். நல்ல வெயில் நேரத்தில் மூடி விழுந்த குப்பி ஒன்றை லென்ஸில் பிடித்து, கண்ணாடி துடைக்க ஊதுவது போல 'ஹா' என்று வாய்ச்சூட்டை விடுங்கள். பல வகைகளில் அந்த ஈரத்துக்கே பற்கள் அசையும். ஸ்போரை எந்த நேரத்தில் வெளியே விடுவது என்பதை அந்தப் பற்கள்தான் தீர்மானிக்கின்றன.

இனம் காண்பதில் குப்பி எங்கே முளைக்கிறது என்பது பெரிய பிரிவு. செடி நிமிர்ந்து கொத்தாக வளர்ந்து, குப்பி நுனியில் வந்தால் ஒரு கூட்டம். செடி படர்ந்து கிளைத்து, குப்பி பக்கவாட்டில் வந்தால் மற்றொரு கூட்டம். மரத்தில் இரண்டாவது கூட்டமே அதிகம். செங்குத்தான பட்டையில் படர்ந்து பற்றிக்கொள்வது வசதி. மேக்ரோமிட்ரியம் மாதிரி சிலது ஊர்ந்தும் போகும், நுனியில் குப்பியும் வைக்கும். விதி இருந்தால் இப்படி ஒருவர் இருப்பார்.

குப்பி இல்லாத காலமே அதிகம் என்பதால் இலையை நம்பித்தான் பிழைக்க வேண்டும். இடுக்கியால் இலையை நுனிப்பக்கம் பிடித்து, தண்டின் அடிப்பக்கமாகக் கீழே இழுத்தால் முழுசாக வரும். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அதில் போட்டு, பின்னால் செல்போன் வெளிச்சத்தைக் காட்டுங்கள். நடுநரம்பு இருக்கிறதா, நுனிவரை போகிறதா, பாதியில் நிற்கிறதா? ஓரத்தில் அரம்பப் பல் உண்டா? நுனி கூரா, மழுங்கலா? இந்தக் கேள்விகளுக்கு மேல் களத்தில் தேவையில்லை.

அடியிலிருந்து உச்சிக்கு

ஒரு பெரிய சோலைமரம் மூன்று நான்கு அடுக்கு வீடு மாதிரி. கொடைக்கானலில் பாம்பார் சோலையோ பாம்பே சோலையோ பக்கத்தில் இருந்தால் ஒரே மரத்தில் கீழிருந்து மேலே கண்ணை ஓட்டிப் பழகுங்கள். (அட்டைக்கு உப்போ மூக்குப்பொடியோ வைத்துக்கொள்ளுங்கள். பாசி பார்ப்பவன் நகரமாட்டான் என்று அதற்குத் தெரியும்.)

மண் தெறித்து ஈரம் நிற்கும் அடிமரத்தில் ஃபிசிடென்ஸைத் தேடலாம். இலைகள் இரண்டே வரிசையில், தட்டையாக, நகத்தளவுத் தென்னங்கீற்று போல இருக்கும். அதன் இலையின் அடிப்பாதி இரண்டாகப் பிரிந்து, புத்தகத்துக்குள் தாளைச் செருகியது போலத் தண்டையும் மேலே உள்ள இலையையும் கவ்விப் பிடிக்கும். லென்ஸில் இந்தச் செருகல் தெரிந்துவிட்டால் வேறு எதோடும் குழம்பாது. அதே அடிமரத்திலும் வேர்த்திரட்சிகளிலும் தூயிடியம் விரிப்பு போலப் படரும். கிளைக்குள் கிளை பிரிந்து, பெரணி இலையைச் சின்னதாகச் செய்துவைத்தது போன்ற தோற்றம். இடுப்பு உயரத்துக்கு மேலே தட்டையான, பளபளப்பான வகைகள் விசிறி விசிறியாக மரத்தை விட்டுத் துருத்திக்கொண்டு நிற்கும். அதற்கும் மேலே, கிளைகளிலிருந்து தங்கநிறமாகவோ பழுப்பாகவோ கருப்பாகவோ சடை சடையாகத் தொங்குவது மீட்டியோரியேசி குடும்பம். மூடுபனி அடிக்கடி நுழையாத இடத்தில் இந்தச் சடைகள் நீளாது. ஆகவே சடையின் நீளத்தைப் பார்த்தே அந்த இடத்தின் ஈரத்தை ஓரளவு ஊகிக்கலாம்.

மலைக்குப் போக முடியாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. கன்னியாகுமரி, கேரளப் பக்கம் தென்னையின் அடிமரத்தில் வெளிறிய பச்சையாக, பாதி சாயம் போனது போன்ற மாஸ் ஒன்று உண்டு. ஆக்டோபிளெஃபாரம். இலை தடித்திருக்கும், பச்சையம் உள்ள செல்களுக்கு மேலும் கீழும் வெற்றுச் செல்கள் அடுக்கடுக்காக மூடியிருப்பதுதான் அந்த வெளுப்புக்குக் காரணம். இதைத் தண்ணீர் தெளித்துச் சோதித்தால் பெரிய மாற்றம் இராது. அதுவே அடையாளம். குப்பியின் வாயில் பற்கள் எட்டு. எட்டு இமை என்ற பொருளில்தான் அந்தப் பெயரே. சமவெளியில் பழைய மாமரத்தின் பட்டையை மழைக்காலம் முடிகிற சமயத்தில் பாருங்கள். எர்போடியம் மாஞ்சிஃபெரே என்று மாமரத்தின் பெயரையே சேர்த்துக்கொண்ட பொடி மாஸ் ஒன்று பட்டையோடு பட்டையாக ஒட்டியிருக்கலாம். நடுநரம்பு இல்லை. கோடையில் சாம்பல் பூத்து, இருக்கிற இடமே தெரியாது.

தைலமரத்தில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அது வருடா வருடம் சட்டையை உரித்துப் போடுகிற மரம். குடியேறியவர்களும் சட்டையோடு போய்விடுவார்கள். சொரசொரப்பான, வெடிப்புள்ள, ஈரத்தைப் பிடித்துவைக்கும் பழைய பட்டையே பாசிக்குப் பிரியமானது.

பழனி மலையின் மாஸ்களைப் பற்றிப் பேசும்போது செண்பகனூரைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே இருந்த பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார் ஜார்ஜ் ஃபொரோ இந்த மலையின் மாஸ்களைச் சேகரித்து எழுதிய பட்டியல் 1961இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வந்தது. ஃபொரோயெல்லா என்று ஒரு மாஸ் இனத்துக்கே அவர் பெயர் இருக்கிறது. பழனி மலையில் பாசி பார்க்கிற எவரும் அவர் நடந்த பாதையில்தான் நடக்கிறார்கள்.

இரண்டு பழைய நம்பிக்கைகள்

பாசி மரத்தின் வடக்குப் பக்கம் வளரும், வழி தவறினால் அதைப் பார்த்துத் திசை கண்டுபிடிக்கலாம் என்று சாரணர் முகாம்களில் சொல்லிக்கொடுப்பார்கள். அது ஐரோப்பாவிலிருந்து வந்த பாடம். அங்கே நடுப்பகல் சூரியன் எப்போதும் தெற்கில். வடக்குப் பக்கம் நிழல். கொடைக்கானல் இருக்கும் 10 பாகை அட்சரேகையில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை நடுப்பகல் சூரியன் வடக்கில் நிற்கிறது. அந்தப் பாடத்தை நம்பி மதிகெட்டான் சோலையில் நடந்தால் சோலை தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளும். இங்கே பாசி சொல்வது மூடுபனி எந்தப் பக்கத்திலிருந்து மோதுகிறது, மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, மழைநீர் எந்தத் தடத்தில் வழிகிறது என்பதை. சாய்ந்த மரத்தின் மேல்முகம் பச்சையாகவும் அடிமுகம் வெறுமையாகவும் இருப்பதை எந்தத் தோட்டத்திலும் பார்க்கலாம்.

இரண்டாவது, பாசி மரத்தைத் தின்னும் என்பது. புல்லுருவி மரத்துக்குள் வேரை இறக்கிச் சாற்றை உறிஞ்சும். மாஸ் அதைச் செய்யாது. பட்டையின் மேல் உட்கார்ந்திருப்பதோடு சரி. நோயில் மரம் இலை உதிர்த்தால் அடிமரத்துக்கு வெளிச்சம் கூடும், பாசியும் கூடும். பார்ப்பவர்கள் பழியைப் பாசி மேல் போட்டுவிடுகிறார்கள். கம்பிப் பிரஷ்ஷால் சுரண்டினால் பட்டையில் விழும் காயம்தான் உண்மையான கெடுதல். அராபிகா காப்பிச் செடியின் தண்டைத் தேய்த்து வழுவழுப்பாக்குவது வேறு கணக்கு. வெள்ளைத் தண்டுத்துளைப்பான் வெடிப்புகளில் முட்டை வைக்காமலிருக்கச் செய்வது அது. அதைப் பார்த்துவிட்டுப் பலாவையும் ஆரஞ்சையும் தேய்க்க வேண்டியதில்லை.

பொட்டலம்

காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு இணுக்கும் எடுக்கக் கூடாது. படமும் குறிப்பும் போதும். சொந்தத் தோட்டத்தில், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, தீப்பெட்டியில் பாதி அளவு எடுத்தால் தாராளம். பிய்த்த இடம் பழையபடி மூடப் பல ஆண்டு ஆகலாம்.

பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள். நான் முதல் வருடம் சேர்த்தது முழுவதும் அப்படிப் பூசணம் பூத்துத்தான் போயிற்று. பழைய செய்தித்தாளைக் கிழித்து, கடலை மடிப்பது போலப் பொட்டலம் கட்டி, காற்றில் உலரவிட்டால் மாஸுக்கு வேறு பாடம் வேண்டாம். பல வருடம் கழித்துப் பிரித்து வெந்நீர் ஒரு சொட்டு விட்டாலும் இலை விரிந்து கொடுக்கும். உயிர் இராது, வடிவம் இருக்கும். ஆராய்ந்து பார்க்க அது போதும்.

பொட்டலத்தின் மேல் எழுதாவிட்டால் உள்ளே இருப்பது குப்பை. என் பழைய பொட்டலம் ஒன்றில் 'பச்சை, மரம், கொடைக்கானல்' என்று மட்டும் இருக்கிறது. எந்த மரம், எந்த உயரம், என்ன செய்தது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. பேனா மை ஈரத்தில் ஓடிவிடும், பென்சிலே நல்லது. இப்போது எழுதுவது இப்படி:

நாவல் மரம். தரையிலிருந்து 140 செ.மீ. மேற்குப் பார்த்த முகம், மரம் கிழக்கே சாய்வு. பாதி நிழல். காலை 9 மணி, மழை இல்லை. காய்ந்தபோது முறுக்குக் கயிறு. தண்ணீர் தெளித்து 12 எண்ணுவதற்குள் விரிந்தது. குப்பி கிளை நுனியில், மூடி விழவில்லை. தொப்பியில் மயிர் உண்டு.